சிங்கப்பூரில் வேலை, கையில் இந்திய பாஸ்போர்ட்: சீன சுற்றுலா விசா எடுப்பது எப்படி?

போன வருஷம் அக்டோபர் மாசம். சிங்கப்பூரில் ஒரு அலுவலகத்தின் மதிய சாப்பாட்டு மேசையில் நாலு பேர் உட்கார்ந்து சீனா ட்ரிப்புக்கு பிளான் போட்டாங்க. சோங்சிங் நகரம்தான் முதல் ஸ்டாப். ரீல்ஸ்ல பார்த்திருப்பீங்க, 19 மாடி குடியிருப்புக் கட்டடத்துக்கு உள்ளேயே மோனோரயில் நுழைஞ்சு வெளியே வருமே, அந்த லிசிபா ஸ்டேஷன் இருக்கிற ஊர். அடுத்து செங்டு, பாண்டா பார்க்க. கடைசியா குவாங்சோ, அங்கிருந்து ரெண்டு நாள் ஹாங்காங்.

நாலு பேர்ல ஒருத்தர் சிங்கப்பூர் குடிமகன். இன்னொருத்தர் தினமும் ஜோகூர் பாருவிலிருந்து எல்லை தாண்டி வேலைக்கு வர்ற மலேசியத் தமிழர். இவங்க ரெண்டு பேரும் அன்னைக்கு ராத்திரியே டிக்கெட் போட்டுட்டாங்க. மூணாவது ஆள் ஹைதராபாத்காரர், சிங்கப்பூர் பி.ஆர். வைத்திருப்பவர். நாலாவது, கும்பகோணத்தில் இருக்கும் என் பெரியப்பாவோட பையன். எம்ப்ளாய்மென்ட் பாஸில் ஏழு வருஷமா சிங்கப்பூரில் இருக்கார். எனக்கு ஒரு வாய்ஸ் நோட் அனுப்பினார்: "டேய், நீதான் எல்லாத்தையும் எக்ஸ்ப்ளெயினர்னு எழுதுவியே. சிங்கப்பூர்ல இருக்கிறவங்களுக்கு சீனா விசா வேண்டாம்னு சொல்றாங்களே, நமக்கும் அதுதானே?"

இல்லைண்ணே.

குடியிருப்பு வேற, குடியுரிமை வேற

சிங்கப்பூர் குடிமக்கள் 2024 பிப்ரவரி 9 முதல் 30 நாள் வரை விசா இல்லாமல் சீனா போகலாம். மலேசியர்களுக்கு 2023 டிசம்பரில் சீனா தன்னிச்சையாகக் கொடுத்த சலுகை, 2025 ஜூலை 17 முதல் இரு நாட்டு ஒப்பந்தமாகவே மாறிவிட்டது. ஐக்கிய அரபு அமீரகக் குடிமக்களுக்கு 2018-லேயே விசா விலக்கு வந்தாச்சு. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, பிரான்ஸ், ஜெர்மனின்னு பட்டியல் நீளுது.

ஆனா இதெல்லாம் அந்த நாட்டு பாஸ்போர்ட்டுக்கான சலுகை. அந்த நாட்டில் வசிப்பவருக்கானது இல்லை. பி.ஆர்., எம்ப்ளாய்மென்ட் பாஸ், எமிரேட்ஸ் ஐடி, கிரீன் கார்டு எது இருந்தாலும் சீன எல்லையில் அதிகாரி பார்ப்பது பாஸ்போர்ட்டின் அட்டையைத்தான். இந்தியா, இலங்கை பாஸ்போர்ட்டுகளுக்கு சுற்றுலா விசா கட்டாயம்.

ஒரே வீட்டுக்குள்ளேயே இது ரெண்டு விதமா ஆகலாம். கணவர் ஆஸ்திரேலியக் குடியுரிமை வாங்கிவிட்டார், மனைவி இன்னும் இந்திய பாஸ்போர்ட்னா, அவருக்கு விசா வேண்டாம், இவருக்கு வேணும். சிங்கப்பூரில் பிறந்த குழந்தையா இருந்தாலும் பெற்றோர் இருவரும் இந்தியர்கள் என்றால் அது கையில் இருப்பதும் இந்திய பாஸ்போர்ட்தான். குழந்தைக்கும் தனி விண்ணப்பம். எதிர்த் திசையிலும் ஒரு குழப்பம் உண்டு. ஓ.சி.ஐ. அட்டை வைத்திருப்பவர்கள் சிலர் அதை இந்திய பாஸ்போர்ட் மாதிரி நினைச்சுக்கிறாங்க. சீனாவைப் பொறுத்தவரை அந்த அட்டைக்கு எந்த அர்த்தமும் கிடையாது.

அப்போ வெளிநாட்டில் வசிப்பதால் என்ன பயன்?

ஒரே ஒரு பயன், விண்ணப்பிக்கும் இடம். சீன விசாவை நீங்கள் சட்டப்படி வசிக்கும் நாட்டில், உங்கள் பகுதிக்குப் பொறுப்பான தூதரகம் அல்லது விசா விண்ணப்ப மையத்தில் கொடுக்கலாம். ஊருக்கு வந்து அலைய வேண்டியதில்லை. இது சின்ன விஷயம் இல்லை. சென்னையில் சீனத் தூதரகம் கிடையாது. இந்தியாவில் விண்ணப்ப மையங்கள் இருப்பது டெல்லி, மும்பை, கொல்கத்தாவில்தான். கும்பகோணத்துக்காரருக்கு இதைவிட சிங்கப்பூர் மையம் எவ்வளவோ மேல், எம்.ஆர்.டி. பிடிச்சா போயிடலாம்.

இதற்கு வசிப்பிடச் சான்று காட்டணும். சிங்கப்பூரில் எம்ப்ளாய்மென்ட் பாஸ், எஸ் பாஸ், பி.ஆர். அட்டை. அமீரகத்தில் எமிரேட்ஸ் ஐடி. பிரிட்டனில் இருப்பவர்கள் கொஞ்சம் கவனிக்கணும். அங்கே பி.ஆர்.பி. அட்டைகள் 2024 டிசம்பர் 31-ஓடு காலாவதியாகி, எல்லாம் இ-விசாவாக மாறிவிட்டது. கையில் காட்ட அட்டை இல்லை. ஆன்லைன் கணக்கில் நுழைந்து, ஷேர் கோடு எடுத்து, அந்தப் பக்கத்தைப் பிரின்ட் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

சும்மா டூரிஸ்ட்டாக சிங்கப்பூர் போய், அங்கிருந்தே சீன விசாவும் வாங்கிடலாம் என்று நினைக்கிறவர்களுக்கு இந்தச் சான்று விஷயம்தான் முட்டுக்கட்டை.

அமெரிக்காவில் நடைமுறையே வேற. தனியார் விண்ணப்ப மையம் இல்லை. வாஷிங்டன் தூதரகம் அல்லது நியூயார்க், சிகாகோ, லாஸ் ஏஞ்சல்ஸ், சான் பிரான்சிஸ்கோ துணைத் தூதரகங்கள்தான். டெக்சாஸ் தமிழர்களுக்குப் பக்கத்தில் இருந்த ஹூஸ்டன் துணைத் தூதரகத்தை 2020 ஜூலையில் அமெரிக்க அரசு மூட வைத்துவிட்டது.

விண்ணப்பப் படிவம்: பொறுமை வேணும்

சுற்றுலாவுக்கு எடுக்க வேண்டியது 'எல்' விசா. இப்போ பல நாடுகளில் நடைமுறை இப்படி: ஆன்லைனில் படிவத்தை நிரப்பி, ஆவணங்களைப் பதிவேற்றணும். அங்கே பரிசீலனை முடிந்து 'பாஸ்போர்ட்டைக் கொண்டு வரலாம்' என்று நிலை மாறிய பிறகுதான் நேரில் போகணும். முதல் நாளே மையத்துக்கு ஓடிப் பிரயோஜனமில்லை.

பாஸ்போர்ட்டில் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடிக் காலம், விசா ஒட்ட வெற்றுப் பக்கங்கள், வெள்ளைப் பின்னணியில் 33-க்கு 48 மில்லிமீட்டர் போட்டோ, போக வர விமான முன்பதிவு, ஹோட்டல் முன்பதிவு, வசிப்பிடச் சான்று. முன்பே சீனா போயிருந்தால் பழைய விசாவின் நகல். சீனாவில் நண்பர் வீட்டில் தங்குவதாக இருந்தால் ஹோட்டலுக்குப் பதில் அவரது அழைப்புக் கடிதமும் அடையாள ஆவண நகலும். அமெரிக்காவில் விண்ணப்பிக்கும் சுற்றுலாப் பயணிகளுக்கு மட்டும் 2024 ஜனவரி 1 முதல் டிக்கெட், ஹோட்டல், அழைப்புக் கடிதம் தேவையில்லை என்று தளர்த்தியிருக்கிறார்கள். அதைப் படித்துவிட்டு துபாயிலோ சிங்கப்பூரிலோ இருப்பவர்கள் வெறுங்கையோடு போக வேண்டாம்.

படிவம் நீளமானது. கடந்த ஐந்தாண்டு வேலை விவரம், படிப்பு, அப்பா அம்மா பெயர், பிறந்த தேதி, சமீபத்தில் போன நாடுகள் எல்லாம் கேட்கும். பெரியப்பாவின் பிறந்த தேதியை அண்ணன் எனக்கு போன் போட்டுத்தான் கேட்டார். ரேஷன் கார்டில் ஒன்று, ஆதாரில் ஒன்று. உங்க வீட்டிலும் இதே கதைதான்னு நினைக்கிறேன்.

தமிழர்களுக்கென்றே ஒரு தனித் தலைவலி உண்டு: சர்நேம். நம்மில் பலருக்கு பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டமே காலியாக இருக்கும். சிலருக்கு அப்பா பெயர் அங்கே ஏறியிருக்கும், சிலருக்கு இனிஷியல் மட்டும். பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ எழுத்து பிசகாமல் அப்படியே நிரப்பணும். கட்டம் காலியாக விட முடியவில்லை என்று நீங்களாக அப்பா பெயரைத் தூக்கி உள்ளே போடாதீங்க. மையத்துக்கு ஒரு மெயில் போட்டுக் கேட்டு நிரப்புங்க. விமான டிக்கெட்டும் ஹோட்டல் முன்பதிவும் அதே பெயரில் இருக்கணும்.

தொழில் என்ற கட்டத்தில் என்னை மாதிரி ஆட்களுக்குக் கூடுதல் சோதனை. பத்திரிகையாளர்களுக்கு சீனா 'ஜே' என்ற தனி விசா வைத்திருக்கிறது. சுற்றுலாவாகப் போனால், 'செய்தி சேகரிக்க மாட்டேன்' என்று எழுதித் தரச் சொல்லலாம். அண்ணன் சிரிச்சார். "நீ வராம இருக்கிறதே நல்லதுடா."

டிக்கெட்டை விசாவுக்கு முன்னாடி வாங்கணுமா? இதில் என் கருத்து: ரத்து செய்தால் பணம் திரும்ப வரும் முன்பதிவுகளை மட்டும் போடுங்கள். ஏஜென்ட்கள் சிலர் 'டம்மி டிக்கெட்' போட்டுத் தருகிறேன் என்பார்கள். விண்ணப்பத்தில் பொய்த் தகவல் என்று ஆகிவிட்டால் விசா மறுக்கப்படுவது உங்களுக்குத்தான், ஏஜென்ட்டுக்கு இல்லை.

கட்டணம் நீங்கள் வசிக்கும் நாட்டை வைத்து மட்டும் முடிவாவதில்லை. உங்கள் குடியுரிமையும் எத்தனை முறை நுழைவு என்பதும் கணக்கில் வரும். விண்ணப்ப மையம் இருக்கும் நாடுகளில் அதன் சேவைக் கட்டணமும் சேரும். 2023 டிசம்பரில் சீனா விசா கட்டணத்தை 25% குறைத்தது. அந்தச் சலுகை அதன்பின் நீட்டிக்கப்பட்டு வருகிறது. குறுகிய கால, ஒருமுறை அல்லது இருமுறை நுழைவு விசாக்களுக்குக் கைரேகை விலக்கும் 2023-லிருந்து இதே போலத்தான் நீள்கிறது. இரண்டுமே தற்காலிகச் சலுகைகள் என்பதால், விண்ணப்பிக்கும் அன்று மையத்தின் தளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பாஸ்போர்ட் கையில் இல்லாத நாட்கள்

இதைப் பற்றி யாரும் சொல்வதில்லை. விண்ணப்பம் ஏற்கப்பட்டால் பாஸ்போர்ட்டை அங்கேயே கொடுத்துவிட்டு வரணும். வழக்கமான சேவையில் பெரும்பாலும் நாலு வேலை நாள். நடுவில் சனி ஞாயிறு வந்தால் அதையும் சேர்த்துக்கங்க. கூடுதல் பணம் கட்டும் அவசர சேவையில் பெரும்பாலும் ஒரு நாள்தான் குறையும். அக்டோபர் முதல் வாரம் சீன தேசிய விடுமுறை, அப்புறம் சீனப் புத்தாண்டு. இந்த நாட்களில் மையங்களும் மூடியிருக்கும் என்பதால் காத்திருப்பு இன்னும் நீளும்.

அண்ணன் ஒரு வெள்ளிக்கிழமை கொடுத்தார். வியாழக்கிழமை வாங்கிக்கொள்ளச் சொல்லி ரசீது. செவ்வாய் காலை பெரியப்பாவுக்கு நெஞ்சு வலி. கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூருக்குக் கொண்டு போனாங்க. அண்ணன் போனில் முதலில் கேட்டது "எப்படி இருக்காரு?" அடுத்து, கொஞ்ச நேரம் எதுவும் பேசாமல் இருந்துவிட்டு, "எங்கிட்ட பாஸ்போர்ட் இல்லடா."

வெளிநாட்டில் இருக்கும் நம்மாட்கள் எல்லோருக்கும் இந்தப் பயம் தெரியும். சிங்கப்பூரிலிருந்து திருச்சிக்கு நாலு மணி நேர விமானம்தான். போன் வந்த அன்றே கிளம்பிடலாம் என்ற தைரியத்தில்தான் பலர் அங்கே நிம்மதியாகத் தூங்குகிறார்கள். அந்த தைரியம் ஒரு வாரத்துக்கு வேறொரு கட்டடத்தின் அலமாரியில் பூட்டிக் கிடந்தது.

விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்று பாஸ்போர்ட்டைக் கேட்கலாமா என்று யோசிச்சார். ஆனால் புதன்கிழமை காலை ஸ்டென்ட் வைத்து பெரியப்பா கண் விழித்துவிட்டார். வியாழன் மதியம் பாஸ்போர்ட்டை வாங்கி, அன்று இரவே திருச்சி விமானம் ஏறினார். நான் போய்க் கூட்டி வந்தேன். காரில் அவர் சீனாவைப் பற்றி ஒரு வார்த்தை பேசலை.

இதற்காக விண்ணப்பிக்காமல் இருக்க முடியாது. ஆனால் சில விஷயங்களை முன்கூட்டியே செய்யலாம். வீட்டில் யாருக்காவது ஆபரேஷன் தேதி, பிரசவத் தேதி இருந்தால் அந்த வாரத்தைத் தவிருங்கள். கணவன் மனைவி இருவருக்கும் விசா தேவைப்பட்டு, பயணத்துக்கு இன்னும் நாள் இருந்தால், ரெண்டு பாஸ்போர்ட்டையும் ஒரே நாளில் கொடுக்காமல் ஒருவர் பின் ஒருவராகக் கொடுக்கலாம். பாஸ்போர்ட்டின் எல்லாப் பக்கங்களையும் போட்டோ எடுத்து வைப்பதும் ரசீதைத் தொலைக்காமல் இருப்பதும் சொல்லவே வேண்டியதில்லை. அவசரம் என்றால் முதலில் விண்ணப்பம் கொடுத்த மையத்தைத் தொடர்பு கொண்டு நிலைமையைச் சொல்லுங்கள்.

ஸ்டிக்கரில் மூணு எண்கள்

ஊரில் பத்து நாள் இருந்துவிட்டு அண்ணன் சிங்கப்பூர் திரும்பினார். நவம்பர் ட்ரிப் அவ்வளவுதான் என்று எல்லோரும் நினைத்தபோது, விசா ஸ்டிக்கரை எடுத்து எனக்கு போட்டோ அனுப்பினார். அதில் மூணு விஷயம் பார்க்கணும்.

ஒன்று, 'இந்தத் தேதிக்கு முன் நுழையணும்' என்ற கெடு. அண்ணனுக்கு மூணு மாதம் இருந்தது. அதற்குள் எப்போ வேணும்னாலும் நுழையலாம். பயணத் தேதி மாறினால் விசா வீணாகாது. அதனால்தான் நாலு பேரும் பயணத்தை ஜனவரிக்குத் தள்ள முடிந்தது. அடுத்தது, ஒவ்வொரு முறையும் எத்தனை நாள் தங்கலாம் என்பது. நுழைவுக் கெடு முடியும் தேதியையும் தங்கும் நாட்களையும் குழப்பிக்கொண்டு கூடுதலாகத் தங்கிவிட்டால், நாளொன்றுக்கு 500 யுவான் வீதம் 10,000 யுவான் வரை அபராதம் விதிக்க சீனச் சட்டத்தில் இடமிருக்கிறது. காவலில் வைக்கவும் முடியும்.

மூணாவது, எத்தனை முறை நுழையலாம் என்பது. அண்ணன் ஸ்டிக்கரில் '01'.

"அண்ணே, நீங்க குவாங்சோவிலிருந்து ஹாங்காங் போயிட்டு திரும்ப குவாங்சோ வந்துதானே விமானம் ஏறுறீங்க?"

"ஆமா. ஹாங்காங் சீனாதானே?"

சீனாதான். ஆனால் குடிவரவுக் கணக்கில் ஹாங்காங், மக்காவ் இரண்டும் தனி. பெருநிலச் சீனாவிலிருந்து ஹாங்காங் போவது வெளியேறுவது போலத்தான். திரும்ப வந்தால் அது இரண்டாவது நுழைவு. ஒருமுறை நுழைவு விசா அங்கேயே முடிந்துவிடும். அண்ணன் படிவத்தில் கவனிக்காமல் ஒருமுறை நுழைவு என்று டிக் செய்திருந்தார். தப்பு அவருடையதுதான். அவரும் ஹைதராபாத் நண்பரும் குவாங்சோ–சிங்கப்பூர் டிக்கெட்டை ரத்து செய்துவிட்டு ஹாங்காங்கிலிருந்தே திரும்பினாங்க. ஆளுக்குக் கிட்டத்தட்ட இருநூறு டாலர் கூடுதல் செலவு.

ஹாங்காங்கை நடுவில் வைத்து பிளான் போடுகிறவர்கள் இருமுறை நுழைவு கேளுங்கள். இந்தியர்கள் ஹாங்காங்குக்குப் போக ஆன்லைனில் 'முன்வருகைப் பதிவு' செய்துகொள்ள வேண்டும். இலவசம்தான். பதிவு ஏற்கப்பட்டால் 14 நாள் வரை தங்கலாம். அந்தச் சீட்டைப் பிரின்ட் எடுத்துக்கங்க.

திரும்பி வர முடியுமா?

சீனா போவதற்கான விசாவிலேயே கண் வைத்து, வசிக்கும் நாட்டுக்குத் திரும்பும் ஆவணத்தை மறப்பது நடக்கிறது. சிங்கப்பூர் பி.ஆர். வைத்திருப்பவர்கள் செல்லுபடியாகும் ரீ-என்ட்ரி பெர்மிட் இல்லாமல் வெளியே போனால் பி.ஆர். தகுதியையே இழக்க நேரிடும். ஹைதராபாத் நண்பர் தன்னுடையதைப் பார்த்தபோது இன்னும் ஏழு வாரம்தான் பாக்கி. உடனே புதுப்பிக்கக் கொடுத்தார்.

இதில் அதிக ஆபத்து அமெரிக்காவில் ஹெச்-1பி-யில் இருப்பவர்களுக்கு. ஐ-797 தாளில் காலம் இருக்கும், பாஸ்போர்ட்டில் உள்ள விசா ஸ்டாம்ப் காலாவதியாகியிருக்கும். நாட்டுக்குள் இருக்கும்வரை பிரச்சினை இல்லை. கனடா, மெக்சிகோவுக்கு 30 நாளுக்குள் போய்வரக்கூட ஒரு விதிவிலக்கு உண்டு. சீனாவுக்கு அது பொருந்தாது. வெளியே போனால் புது ஸ்டாம்ப் வாங்கித்தான் திரும்ப முடியும். 2025 செப்டம்பர் முதல் குடியேற்றம் அல்லாத விசா நேர்காணலைச் சொந்த நாட்டிலோ வசிக்கும் நாட்டிலோதான் எடுக்கணும் என்று அமெரிக்கா சொல்லிவிட்டது. பாண்டா பார்த்துவிட்டு அப்படியே பெய்ஜிங்கில் ஸ்டாம்பிங் முடிச்சுடலாம் என்ற பழைய ஐடியா இனி எடுபடாது. ஸ்டாம்ப் முடிந்தவர்கள் இந்தப் பயணத்தைத் தள்ளிப் போடுவதே நல்லது என்பேன்.

டிரான்சிட்டில் சும்மா இறங்கலாமா?

சீனா 2024 டிசம்பர் 17 முதல் 240 மணி நேர, அதாவது பத்து நாள், விசா இல்லா டிரான்சிட் தருகிறது. யூடியூபில் எல்லோரும் கொண்டாடும் திட்டம் இதுதான். 50-க்கும் மேற்பட்ட நாடுகள் பட்டியலில் உள்ளன. இந்தியா இல்லை. இந்திய பாஸ்போர்ட்டுக்கு இருப்பது 24 மணி நேர டிரான்சிட் மட்டும். மூன்றாவது நாட்டுக்கு உறுதியான தொடர் டிக்கெட் வேணும். வெளியே ஊர் சுற்ற விடுவார்களா என்பது அங்கே இருக்கும் அதிகாரி தற்காலிக அனுமதி தருவதைப் பொறுத்தது. அதை நம்பி ஹோட்டல் போட வேண்டாம்.

திபெத் போக ஆசை உள்ளவர்களுக்கு ஒரு வரி. சீன விசா மட்டும் போதாது. திபெத் பயண அனுமதி தனி, அதைப் பதிவு பெற்ற சுற்றுலா நிறுவனம் மூலமாகத்தான் எடுக்கணும்.

இறங்கிய பிறகு

ஹோட்டலில் தங்கினால் பாஸ்போர்ட்டை வாங்கிப் பதிவு செய்வதை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். நண்பர் வீட்டில் தங்கினால், வந்து 24 மணி நேரத்துக்குள் அந்தப் பகுதி போலீஸ் நிலையத்தில் பதிவு செய்யணும். செங்டுவில் மலேசிய நண்பருக்குத் தெரிந்தவர் வீடு ஒன்று இருந்ததால் நாலு பேரும் ஒரு ராத்திரி அங்கே தங்கினாங்க. காலையில் எழுந்து நேரா ஸ்டேஷன். விசா வேண்டாதவருக்கும் வேண்டியவருக்கும் இந்த விதி ஒன்றுதான். நாலு பாஸ்போர்ட்டையும் மேசையில் அடுக்கி வைத்து அண்ணன் ஒரு போட்டோ அனுப்பியிருந்தார்.

பெரியப்பா இப்போ நல்லா இருக்கார். லிசிபா ரயில் வீடியோவை அவரிடம் காட்டினேன். "அந்த வீட்டுக்காரன் எப்படிடா தூங்குவான்?" என்று கேட்டார்.